கரையிலிருந்து ஜிக் வீச எந்த ராடு? குமரிக் கரையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

"எத்தனை அடி ராடு வாங்கலாம்?" என்றுதான் கரையில் நின்று மீன் பிடிக்கத் தூண்டில் கம்பு தேடும் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் தண்ணீர் எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி)? அந்த ஆழத்தில் எத்தனை கிராம் ஜிக் (மீன்போல் வார்த்து முள் மாட்டிய உலோகப் போலி இரை) ஒழுங்காக வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டால் ராடு கிட்டத்தட்ட முடிவான மாதிரிதான். நீளம், பவர், ரீல், லைன் எல்லாம் அந்த எடையின் பின்னால் வருபவை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கரையிலிருந்து ஜிக் வீசும் இந்த முறை வளர்ந்தது ஜப்பானில். நாகசாகியை அடுத்த கோட்டோ தீவுகள் போன்ற இடங்களில் பாறையின் காலடியிலேயே கடல் இறங்கிவிடும், நீரோட்டமும் கடுமை. அங்கே 80, 100 கிராம் ஜிக் போட்டு, மாட்டிய ஹிராமாசா என்ற பெரிய பாரை இன மீனைப் பாறைக்குள் நுழையவிடாமல் இழுக்க முரட்டு ராடு தேவைப்படுகிறது. நம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு அதே ராடைத் தேடுகிறார்கள். குமரி மாவட்டத்தின் மணல் கரைகளில் பெரும்பாலும் ஒரு நல்ல வீச்சு போய் விழும் தூரத்தில்கூட மூன்று பாகம் இருந்தால் அதிகம். முட்டம் பாறைகள், சின்னமுட்டம், கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளின் முனை இவற்றில் கொஞ்சம் கூடுதல். இந்தத் தண்ணீரில் 80 கிராம் ஜிக் விழுந்த கையோடு தரையைத் தொட்டுவிடும். மீன் கண்டு, திரும்பி, துரத்தி வர நேரமே இல்லை. அடுத்த இழுப்பில் அது பாரில், அதாவது அடிப்பாறையில், மாட்டியிருக்கும்.

ஆனால் 15 கிராமை வைத்துக்கொண்டும் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றை எதிர்த்து வீச முடியாது. தூரம் எடையைக் கூட்டச் சொல்கிறது, ஆழம் குறைக்கச் சொல்கிறது. இந்த இழுபறியில் நம் கரைக்குத் தோதாக நிற்பது 30, 40 கிராம் ஜிக். வருடத்தின் பெரும்பகுதி இதைத்தான் வீசுவீர்கள். அப்படியென்றால் 30 முதல் 40 கிராமை அலுக்காமல், சிரமப்படாமல் வீசும் ராடு எது என்பதே நம் கேள்வி.

ராடின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

கைப்பிடிக்குச் சற்று மேலே "எஸ்96எம்" என்பதுபோல் ஒரு குறி இருக்கும். எஸ் என்றால் ஸ்பின்னிங் ரீலுக்கானது, 96 என்றால் 9 அடி 6 அங்குலம், எம் என்பது பவர், அதாவது ராடின் விறைப்பு. மேஜர் கிராஃப்ட் போன்ற நிறுவனங்கள் 962 என்று போடுவார்கள். கடைசி 2, ராடு இரண்டு துண்டு என்பதைக் குறிக்கும். 1002 என்றால் 10 அடி, இரண்டு துண்டு. பவர் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக எம்எல் 40 கிராம் வரை, எம் 60 கிராம் வரை, எம்எச் 80 கிராம் வரை, எச் 100 கிராம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்தை மட்டும் நம்பாமல், பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் அதிகபட்ச ஜிக் எடையைப் பாருங்கள்.

அந்த அதிகபட்ச எடை ராடு தாங்கும் எல்லை. அது சுகமாக வேலை செய்யும் எடை வேறு. அதில் பாதியிலிருந்து முக்கால் வரைதான் ராடு நன்றாக வளைந்து, நன்றாக நிமிர்ந்து, ஜிக்கைத் தள்ளும். 60 கிராம் ராடில் 30 முதல் 45 கிராம் பறக்கும். முழு 60 கிராமைப் போட்டால் நுனி தொங்கிப்போய் மந்தமாகிவிடும். 100 கிராம் ராடில் 30 கிராமைப் போட்டால் ராடு வளையவே வளையாது. உங்கள் தோள்பலத்தில்தான் ஜிக் போகும். ராடு ஒரு வேலையும் செய்யாது.

வீட்டில் இருக்கும் சர்ஃப் ராடு போதாதா?

பலரிடம் ஏற்கெனவே 12 அடியோ 13 அடியோ உள்ள சர்ஃப் ராடு இருக்கும். இறால், மத்தித் துண்டு கோத்து, 100 கிராமுக்கு மேல் ஈயம் கட்டி வீசி, ஸ்டாண்டில் நட்டு வைக்க அருமையான ராடு. ஜிக்குக்கு அது ஆகாது. நீளத்துக்கும் எடைக்கும் அதைக் கையில் பிடித்தபடி இடைவிடாமல் நுனியை ஆட்டிக்கொண்டிருக்க முடியாது. அரைமணி நேரத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும். நீங்கள் கொடுக்கும் இழுப்பை அந்த நீளமே விழுங்கிவிடும், ஜிக் வெறுமனே நகர்ந்து வரும். இரை போட அதையே வைத்துக்கொள்ளுங்கள், விற்க வேண்டாம்.

டெலஸ்கோப்பிக் ராடு

பையில் அடங்கும், பஸ்ஸில் சிக்கல் இல்லை, விலையும் குறைவு. இவ்வளவுதான் அதன் நன்மை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அந்தப் பகுதிகளுக்குள் மணல் புகுந்தால் சொரசொரவென்று உரசி ராடின் சுவரைத் தின்னும். வீசிக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு திரும்பி, லைன் ஓடும் வளையங்களான கைடுகள் வரிசை மாறும். திரும்பத் திரும்ப உதறி இழுக்கும் வேலைக்கு இத்தனை இணைப்புகள் கொண்ட ராடு பொருந்தாது. பயணத்துக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் நான்கு துண்டாகக் கழற்றும் டிராவல் ராடு பாருங்கள். அது வேறு ஜாதி, நம்பலாம். ஆனால் இரண்டு துண்டு 9 அடி 6 அங்குல ராடே பிரித்தால் ஒன்றரை மீட்டர்தான். பைக்கில் தோளில் மாட்டிக்கொண்டு போகிற அளவு.

8 அடி லூர் ராடு

கழிமுகத்தில் கொடுவாய்க்குப் போலி இரை (லூர்) வீச வைத்திருக்கும் 8 அடி, 10 முதல் 30 கிராம் ராடைப் பலரும் கடலுக்கும் கொண்டுவருகிறார்கள். அமைதியான தண்ணீரில், துறைமுகத்தின் உள்பக்கத்தில், தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரத்தில் இது சந்தோஷமான ராடு. கை நோகாது, சின்ன கடியும் கையில் தெரியும். வெளிக்கடலில்தான் பிரச்சினை. குமரிக் கரையில் அலை காலடியில்தான் உடையும். 8 அடி ராடை உயர்த்திப் பிடித்தாலும் லைன் அந்த நுரையில் விழுந்து இழுபடும். கடைசிப் பத்து மீட்டரில் ஜிக்கின் கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்காது. பாரையும் தோல்பாரையும் காலடி வரை துரத்தி வந்து அடிக்கிற மீன்கள், அந்தப் பத்து மீட்டரை விட்டுக்கொடுக்க மனம் வராது. மீன் மாட்டிய பிறகும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை விளிம்பில் லைன் உரசாமல் தள்ளிப் பிடிக்க இந்த நீளம் போதாது.

உண்மையான போட்டி: 9 அடி 6 அங்குல எம், அல்லது 10 அடி எம்எச்

இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டுமே சரியான ராடுகள். ஷிமானோவின் கோல்ட்ஸ்னைப்பர் வரிசையானாலும், மேஜர் கிராஃப்டில் எல்எஸ்ஜே என்று போட்டு வரும் லைட் ஷோர் ஜிக்கிங் ராடுகளானாலும், டைவாவானாலும் இந்த இரண்டு வகையிலும் கிடைக்கும்.

10 அடி எம்எச் ராடின் பக்கம் பேச நிறைய இருக்கிறது. உயரமான தடுப்புச் சுவரிலிருந்து, கீழே குவிந்து கிடக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகளான டெட்ராபாடுகளைத் தாண்டி லைனை வைத்திருக்க நீளம் உதவும். 50, 60 கிராமை முழு வேகத்தில் வீசலாம். பெரிய பாரை மாட்டிப் பாருக்குள் ஓடத் தொடங்கினால் அதைத் தடுத்து நிறுத்த அடிப்பகுதியில் பலம் இருக்கும். பெரிய பென்சில், பாப்பர் போன்ற போலி இரைகளை எறியவும் தோது.

ஆனால் இதன் விலையை உடம்பு கொடுக்கிறது. ராடு ஒரு நெம்புகோல். அதில் மீனுக்குத்தான் நீண்ட பக்கம், உங்களுக்குக் குட்டைப் பக்கம். ஆறு அங்குலம் கூடினால் ஒவ்வொரு இழுப்பிலும் முழங்கையிலும் தோளிலும் ஏறும் பாரம் கூடும். பலமான ராடுக்கு 5000, 6000 அளவு ரீல், பிஇ (பின்னல் நூலின் தடிமன் எண்) 2 அல்லது 2.5 லைன் என்று எல்லாமே கனக்கும். கனத்த லைன் காற்றில் வில்லாக வளைந்து, நீவாட்டில் (நீரோட்டத்தில்) இழுபட்டு, லேசான ஜிக்கைத் தூக்கிக்கொண்டே வரும். பொழுது விடியும் நேரத்தில் முழுத்தெம்போடு வீசிவிட்டு, சூரியன் ஏறியதும் ராடைக் கீழே வைப்பவர்களைச் சின்னமுட்டத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். நெத்திலிக் கூட்டம் அதற்குப் பிறகுதான் கரைக்கு வருகிறது என்றால் என்ன செய்வது? ஜிக் தண்ணீரில் இருந்தால்தானே மீன்.

9 அடி 6 அங்குல எம் ராடு 30 கிராமை முழுசாக உணர்ந்து வளையும். 4000 அளவு ரீலில் பிஇ 1.2 அல்லது 1.5 லைன் 200 மீட்டர் போட்டால் மெல்லிய லைன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதனால் எம்எச் ராடு வீசும் தூரத்துக்கு இதுவும் வந்துவிடுகிறது. இதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். 30 கிராம் ஜிக்கில் தூரத்தைத் தீர்மானிப்பதில் லைனின் தடிமனுக்கு ராடின் நீளத்தைவிடப் பெரிய பங்கு உண்டு. பிஇ 1.5 சுமார் 0.2 மில்லிமீட்டர், பிஇ 3 சுமார் 0.28. காற்று எதிர்த்து வீசும் நாளில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பலம் போதுமா என்று கேட்டால், ஊளி, தோல்பாரை, கரையோரம் வரும் பாரை, சிறிய வஞ்சிரம் இவற்றுக்குத் தாராளமாகப் போதும். மீன் இழுக்கும்போது ரீல் லைனை விடும் இறுக்கமான டிராக்கைச் சரியாக வைத்தால் அதைவிடப் பெரியதையும் எடுக்கலாம், மணல் தரையாக இருந்தால். பாரடியில் பெரிய களவா மாட்டினால் தோற்றுப்போக வாய்ப்பு அதிகம். அதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

என் தீர்ப்பு இது: ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்றால் 9 அடி 6 அங்குலம், அதிகபட்சம் 60 கிராம் என்று போட்ட எம் ராடு. பள்ளம், குளச்சல், சொத்தவிளை பக்கத்து மணல் கரைகள், தூண்டில் வளைவுகள் எல்லாவற்றிலும் அது உழைக்கும். பாறை முனையிலோ துறைமுகச் சுவரின் கோடியிலோ மட்டுமே நிற்பவர், பெரிய பாரையை மனதில் வைத்தே போகிறவர் என்றால் 10 அடி எம்எச்சுக்குப் போகட்டும். இரண்டுக்கும் நடுவில் மனம் ஊசலாடினால் லேசானதைப் பிடியுங்கள். எச் ராடை நம் கரைக்கு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கடையில் பார்க்க வேண்டியவை

ராடை மட்டும் ஆட்டிப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் ரீலைக் கொண்டுபோய் மாட்டுங்கள். ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தாங்கிப் பிடித்தால் சமமாக நிற்க வேண்டும். நுனி கீழே விழுந்தால் நாள் முழுக்க அந்தப் பாரத்தை மணிக்கட்டுதான் சுமக்கும். லைனைக் கைடுகளில் கோத்து, நண்பர் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி மெதுவாக வளைத்துப் பாருங்கள். நுனியிலிருந்து நடுப்பகுதி வரை ஒரே சீராக வளைய வேண்டும். இணைப்பில் மட்டும் விறைப்பாக நின்றால் வேண்டாம். நுனி மிக மெத்தென்று இருந்தால் இழுப்பு ஜிக்குக்குப் போய்ச் சேராது. மிக விறைப்பாக இருந்தால் ஜிக் தாறுமாறாகத் துள்ளி, மீன் கவ்வும்போது முள்ளிலிருந்து தப்பிவிடும்.

கைடுகளில் முன்பக்கம் சாய்ந்த ஃபூஜி கே வகை இருந்தால் நல்லது. லைன் சுற்றிக்கொண்டாலும் வழுக்கி வெளியேறும்படி அமைத்தது அது. வளையத்தின் உள்புறம் சிலிக்கான் கார்பைடு என்றால் பிஇ லைன் அறுக்காது. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ஜிக்கில் பிடியுங்கள். விலை குறைந்த ஜிக்கும் மீன் பிடிக்கும், முள்ளை மட்டும் நல்லதாக மாற்றிக்கொண்டால் போதும். லைனில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கையில் எடுத்த பிறகு

லைனின் முனையில் ஒன்றரை மீட்டர் ஃப்ளூரோகார்பன் லீடர் (ஜிக்குக்கு முன்னால் வரும் தடித்த நூல்), 30 பவுண்டு. லைனையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு போடக் கற்றுக்கொள்ளுங்கள். மெல்லிசாக இருப்பதால் கைடில் தட்டாமல் போகும். வீசும்போது நுனிக்குக் கீழே ஜிக் 70 சென்டிமீட்டர் அளவு தொங்கட்டும். நுனியை ஒட்டிச் சுற்றிவைத்து வீசினால் ராடு வளையாது. பின்னால் ஆள் இருக்கிறாரா என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாருங்கள், தூண்டில் வளைவில் பிள்ளைகள் எப்போது வந்து நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. பிறகு மேல்கை முன்னே தள்ள, கீழ்க்கை அடிக்கட்டையை மார்புக்கு இழுக்க வேண்டும். தூரம் வருவது இந்தக் கீழ்க்கை இழுப்பில்தான். தோளால் அடித்து வீசுபவர் சீக்கிரம் களைத்துவிடுவார்.

ஜிக் விழுந்ததும் லைன் தளர்ந்து ஓடட்டும். தரை தொட்டதும் லைன் சட்டென்று நிற்கும். அந்த நொடியே இழுக்கத் தொடங்க வேண்டும். யோசித்தால் பாரில் மாட்டும். அடிக்கட்டையை அக்குளில் செருகிக்கொள்ளுங்கள். கைப்பிடி ஒரு சுற்று, நுனி ஒரு தூக்கு. நுனி வளைந்து, தானே நிமிரும். அந்த நிமிர்வில்தான் ஜிக் பக்கவாட்டில் பளிச்சென்று பாயும். ராடு நிமிர்ந்த மறுகணம் லைனில் ஒரு சின்னத் தொய்வு விழும், அந்தத் தொய்வை அடுத்த சுற்று எடுத்துக்கொள்ளும். இந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால் பலம் தேவையே இல்லை. தாளம் வரவில்லை என்றால் ராடு உங்கள் ஜிக்கின் எடைக்குப் பொருந்தவில்லையோ என்று சந்தேகப்படலாம். எட்டுப் பத்து இழுப்புக்குப் பிறகு நிறுத்தி, மறுபடி விழவிடுங்கள். பெரும்பாலான கடி அந்த விழுதலில்தான் வரும். முட்டத்தில் ஒரு பெரியவர், வலைக்காரர், என் பக்கத்தில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "மக்கா, சும்மா இழுத்துட்டே இருந்தா அது ஓடுத மீனு. நொண்டுத மீனாக் காட்டு" என்றார். இதைவிடச் சுருக்கமாக யாரும் ஜிக்கிங் சொல்லித்தந்ததில்லை.

மீன் மாட்டியதும் ராடைத் தலைக்கு மேல் நட்டுக்குத்தலாகத் தூக்குவது பலருடைய பழக்கம். கார்பன் ராடு உடைவது பெரும்பாலும் அப்படித்தான், அதுவும் மீன் காலடிக்கு வந்த கடைசி நிமிடத்தில். ராடுக்கும் லைனுக்கும் இடையிலான கோணம் 90 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீனை ராடால் தூக்கி ஏற்றாதீர்கள். வரும் அலையோடு சேர்த்து மணலுக்கு இழுங்கள், பாறையில் கைவலை வையுங்கள். ஜிக் பாரில் மாட்டினால் ராடை வளைத்து இழுக்க வேண்டாம். ராடையும் லைனையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, ஸ்பூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடங்கள். வெறுங்கையில் லைனைச் சுற்றி இழுத்தால் விரல் அறுந்துவிடும். அரைமணிக்கு ஒருமுறை இணைப்பைத் தொட்டுப் பார்த்து இறுக்கிக்கொள்ளுங்கள், வீச வீச அது தளரும்.

இடம் பற்றி. கரைவலை இழுக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள், வள்ளம் வந்து போகும் வழியில் வீசாதீர்கள். அது அவர்களுடைய பிழைப்பு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே ராடு கொண்டுபோகக் கூடாது.

மேற்குக் கரைப் பக்கம் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. உள்ளூரில் காற்றே இருக்காது, தெற்கே எங்கோ தொலைவில் எழும்பிய அலை வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இழுத்துச் செல்லப்பட்டு இறந்ததும் அத்தகைய எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் பாருங்கள், எச்சரிக்கை இருந்தால் பாறைக்கும் தடுப்புச் சுவருக்கும் போகாதீர்கள். டெட்ராபாடில் தனியாக நிற்க வேண்டாம், லைஃப் ஜாக்கெட் இல்லாமலும் நிற்க வேண்டாம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தூரத்தில் இடி கேட்டாலே ராடைக் கீழே வைத்துவிட்டு விலகுங்கள். மின்கம்பிக்குக் கீழே ராடை நிமிர்த்திப் பிடித்து நடக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ராடையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், குழாயைப் பீய்ச்சாமல் மெதுவாக. இணைப்பைக் கழற்றி இரண்டு பக்கமும் துடைத்து, பிரித்தே காயவையுங்கள். அப்புறம் ஒரு பஞ்சுத் துண்டை ஒவ்வொரு கைடின் உள்ளேயும் விட்டுச் சுற்றுங்கள். எங்காவது பஞ்சு நூல் சிக்கினால் அந்த வளையத்தில் விரிசல் இருக்கிறது. அதை மாற்றிய பிறகே மறுபடி லைன் கோக்க வேண்டும்.